அதுவரைக்கும் ஓடட்டும்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் அந்தத் தெருவில் ஏசி அக்காவின் வாய்க்கு ஓய்வு கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. கழற்றிப் போட்ட விசிறிகள், செம்புக் குழாய்ச் சுருள்கள், துருவேறிய கம்ப்ரசர்கள் இவற்றுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, மடியில் வைத்த தட்டில் வெங்காயம் உரித்தபடியே பேசுவாள். ஊருக்கெல்லாம் குளிர்ச்சி ஏற்பாடு செய்கிற அவள் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தது இறக்கை வளைந்த ஒரு பழைய மின்விசிறிதான். "ஏசி அக்கா வீட்டுல ஏசி இல்லையா?" என்று யாராவது வம்புக்குக் கேட்டால், "மருந்துக் கடைக்காரர் என்ன, தினமும் மாத்திரையா சாப்பிடுறாரு?" என்று திருப்பிக் கேட்பாள்.

போன் செய்கிறவர்களுக்கு மெஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது. சத்தம் போட்டுக் காட்டுவார்கள். "கடகடகடன்னு வருதுக்கா" என்பார் ஒருவர். இன்னொருவர், பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம்ம்ம்ம்னு முனகுது, அப்புறம் டொக்குனு நின்னுடுது" என்று மெஷினாகவே மாறிக் காட்டுவார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுவிட்டு, தண்ணீர் உள்ளே சொட்டுகிறதா வெளியே சொட்டுகிறதா, குழாயில் பனி கட்டுகிறதா, காற்று வருகிறதா, வந்தாலும் சில்லென்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாள். உள்ளே சொட்டினால் வடிகுழாய் அடைப்பு. பனி கட்டினால் பில்டரில் அழுக்கு, இல்லையென்றால் கேஸ் குறைவு. முனகிவிட்டு நின்றால் கெப்பாசிட்டர். ஒரு ஸ்குரூவைக்கூட அவள் திருகியதில்லை. கேட்டுக் கேட்டே வந்த ஞானம். அவள் சொல்வதை வைத்துத்தான் மெக்கானிக்கான அவள் புருஷன் பையில் சாமான்களை எடுத்து வைப்பார்.

அந்த மெக்கானிக், வேலை என்று வந்தால் கறார் பேர்வழி. எந்த மெஷினும் சொல்லாமக் கொள்ளாமப் படுத்துவிடாது, நாம்தான் காது கொடுப்பதில்லை என்பார். போனில் பேசுவதற்கு அவளைப் பழக்கியபோது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். யாராவது அறையில் மீன் வாடை வருகிறது என்று சொன்னால், மறு பேச்சுப் பேசாமல் மெயினை அணைக்கச் சொல்லிவிட வேண்டும். வயரும் பிளக்கும் சூடேறி உருகும்போது அந்த வாடைதான் முதலில் வரும். மற்ற எதற்கும் யோசிக்கலாம், அதற்கு மட்டும் யோசிக்கக் கூடாது.

அந்த வருஷம் வெயில் தொடங்கும் முன்பே மெக்கானிக் விழுந்துவிட்டார். ஒரு மாடி வீட்டின் வெளிச்சுவரில் அவுட்டோர் யூனிட்டை இறக்கும்போது ஏணி சறுக்கி, தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்துக் கட்டி, முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் திரை போட்ட இடத்தில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். வேலை முழுவதும் அவள் தம்பியின் தலையில் விழுந்தது.

தம்பி என்று சொன்னாலும் அவள் வளர்த்த பிள்ளைதான். அவன் நடக்கப் பழகும் முன்பே அம்மா போய்விட்டாள். இவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோதும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். தனக்கென்று பிள்ளை பிறக்காமல் போனதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அதுதான் இவன் இருக்கிறானே என்று முடித்துவிடுவாள். அவன் தொழிற்படிப்பு படித்து, வெளியே ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு வந்து கடையில் சேர்ந்தான். சிரித்த முகம். வாடிக்கையாளர்களிடம் நல்ல பேச்சு. மாமா ஒரு வீட்டை முடிக்கிற நேரத்தில் இவன் மூன்று வீட்டை முடித்துவிடுவான். அதுதான் மெக்கானிக்குக் கண்ணை உறுத்தியது.

படுக்கையில் கிடக்கிற மனிதருக்குக் காது கூர்மையாகிவிடும் போலிருக்கிறது. ஒருநாள் அவன் சாப்பிட உட்காரும்போது, போன மாதம் போன அதே வீட்டுக்கு மறுபடியும் கேஸ் ஏற்றப் போனதை அவன் வாயாலேயே கேட்டுவிட்டார்.

"ஓட்டை எங்கேன்னு பாக்காம கேஸை ஏத்திட்டு வந்தா, அதுக்குப் பேரு ரிப்பேரா மாப்ள?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"ஒவ்வொரு ஜாயின்ட்டா சோப்பு நுரை தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அடுத்த வீட்டுக்காரன் வேற ஆளைக் கூப்பிட்டுடுவான் மாமா. நீங்க படுத்துக்கிட்டுச் சொல்றீங்க. அலையறது நான்."

"கடை போர்டுல இருக்கிறது என் பேரு."

"அப்ப நீங்களே எழுந்து போங்க."

மெக்கானிக் கைக்கு எட்டிய தண்ணீர்ச் செம்பை எடுத்து வீசினார். அது கம்ப்ரசரில் பட்டு உருண்டது. தம்பி தட்டில் கையை உதறிவிட்டு எழுந்து போனான். வாசலில் வண்டியை உதைக்கும்போது, பெரிய கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், போய்விடுவேன் என்று அக்காவிடம் சொன்னான். அவனும் போய்விட்டால் கடை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். புருஷனிடம் கெஞ்சினாள், தம்பியிடம் கெஞ்சினாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் போகிற பேச்சையெல்லாம் அவளே வடிகட்டி அனுப்பத் தொடங்கினாள்.

டீச்சரம்மா அந்த நாட்களில்தான் கூப்பிட்டார். ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட கணவரோடு மாடி வீட்டில் தனியாக இருந்தார். மகன் வேறு ஊரில். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்ச் போர்டில் பிரேக்கர் டப்பென்று விழுந்துவிடுகிறது, ஒரு நாளைக்குப் பலமுறை போய்த் தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்றார். தம்பி போனான். போன சூட்டிலேயே திரும்பி வந்து, "பழைய பிரேக்கரைத் தூக்கிப் போட்டுட்டுப் பெருசா ஒண்ணு மாட்டிட்டேன்க்கா. இனிமே விழவே விழாது" என்றான்.

மெஷின் வயர் தாங்குகிற அளவுக்கு மேல் கரண்டை இழுப்பதால்தானே அது விழுகிறது, வயரை மாற்றாமல் பிரேக்கரைப் பெரிதாக்கினால் வயர்தானே வேகும் என்று மெக்கானிக் யாரையோ திட்டியதை அவள் கேட்டிருக்கிறாள். தம்பியிடம் அதைக் கேட்கலாமா என்று நினைத்தாள். அவன் அப்போதுதான் சிரித்த முகமாக டீ குடித்துக்கொண்டிருந்தான். விட்டுவிட்டாள்.

வெயில் உச்சத்துக்குப் போன வாரம். தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாயில் வருவது வெந்நீராக இருந்தது. காலையிலேயே போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. டீச்சரம்மாவின் குரல் கேட்டபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இப்பல்லாம் விழறதே இல்லம்மா. ஆனா ரூம்ல ஒரு வாடை வருது. மீன் கழுவின தண்ணி மாதிரி. நாங்க மீனே வாங்கறதில்ல. பக்கத்து வீட்டுச் சமையலோன்னு ஜன்னலைச் சாத்திப் பாத்தேன். சாத்தினா இன்னும் அதிகமா வருது."

ஏசி அக்காவின் கை நின்றது.

"எப்பலேருந்து வருதும்மா?"

"முந்தாநாள்லேருந்து. சாருக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. பேச வராதில்லையா, மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டி அழறாரு. எனக்குப் புரியல. மகனுக்கு போன் பண்ணேன். ஏசிக்காரனுக்குச் சொல்லுன்னுட்டான்."

"அம்மா, நீங்க அதை அணைச்சு..."

"அணைச்சா எப்படிம்மா? முதுகு பூரா புண்ணு. வேர்வை பட்டா கத்துறாரு. என்னால பாக்க முடியல. இன்னைக்கு ஆள் வந்துடுமா?"

திரைக்குப் பின்னாலிருந்து மெக்கானிக், "யாரு?" என்றார்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பில்டர் கழுவணுமாம்" என்றாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"இன்னைக்கே ஆள் வந்துடும்மா. கட்டாயம் வரும். அதுவரைக்கும் ஓடட்டும்."

டீச்சரம்மா நல்லா இருங்கம்மா என்று சொல்லிவிட்டு வைத்தார்.

உடனே தம்பிக்குப் போட்டாள். அவன் புதிதாகக் கட்டி முடித்த ஒரு பெரிய கட்டடத்தில், மாடி மாடியாக மெஷின் மாட்டிக்கொண்டிருந்தான். சுவரைத் துளைக்கிற இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசினான். சாயங்காலம் போகிறேன் என்றான். மீன் வாடை என்று இரண்டு தடவை சொன்னாள். காதில் விழுந்தது, போகிறேன் என்றான். கடைசியாக, மாமாவிடம் சொல்லிவிடாதே, மறுபடியும் ஆரம்பித்துவிடுவார் என்றான்.

சாயங்காலம் வந்தவன் சிமென்ட் தூசியில் புருவமெல்லாம் நரைத்து, கடைத் தரையிலேயே சாய்ந்துவிட்டான். போனாயா என்று கேட்டாள். காலையில் முதல் வேலை அதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். டீச்சரம்மாவுக்கு போன் போட்டு அணைக்கச் சொல்லிவிடலாம் என்று கைபேசியை எடுத்தாள். மெக்கானிக் விழித்துக்கொண்டுதான் இருந்தார். பேசினால் கேட்டுவிடும். வெளியே போய்ப் பேசினால் எதற்கு வெளியே போகிறாய் என்பார். நேற்றைக்கு ஓடியது இன்றைக்கும் ஓடிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனைக் கீழே வைத்தாள்.

மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன்பே தம்பி கிளம்பிவிட்டிருந்தான். டீச்சரம்மா வீட்டுக்குத்தான் போயிருக்கிறான் என்று அவள் நெஞ்சு லேசானது. அவன் போனது கட்டடத்துக்கு. இன்ஜினியர் கூப்பிட்டிருக்கிறார்.

அன்று பிற்பகல் டீச்சரம்மா காய்ந்த படுக்கை விரிப்புகளை எடுத்து வர மொட்டை மாடிக்குப் போயிருந்தார். பிளக் எரிந்து, பக்கத்தில் தொங்கிய திரைச்சீலை பிடித்து, அது மெத்தை ஓரத்தில் விழுந்திருக்கிறது. பெரிய நெருப்பு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களே வாளியில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். ஆனால் மெத்தையிலிருந்து கிளம்பிய புகை, கதவும் ஜன்னலும் சாத்திய அறையில் போக இடமில்லாமல் நின்றுவிட்டது. எழுந்திருக்க முடியாத மனிதர். டீச்சரம்மா விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தபோது கதவிடுக்கில் புகை கறுப்பாக வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது சாருக்கு மூச்சு இல்லை. டீச்சரம்மாவின் கைபேசியும் கட்டிலோரத்தில் கிடந்து உருகிப்போனது.

மெஷினில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கடைக்குச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, சரிங்க, சரிங்க என்று மட்டும் சொன்னாள். தம்பியை அனுப்பினாள். போலீசும் அப்போது வந்திருந்தது. விவரம் தெரிந்தவன் என்று அவனையே மெஷினைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தான். கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தித் தட்டு இருந்தது. அதைக் காட்டினான்.

வீட்டுக்கு வந்து, மாமாவுக்குக் கேட்கிற மாதிரி, "கொசுவர்த்திதான். விரிப்புல பட்டிருக்கு. மெஷின்ல ஒண்ணும் இல்ல" என்றான். அவன் சட்டையில் எரிந்த பஞ்சின் நாற்றம். பிறகு கடையில் உட்கார்ந்து அவளுடைய போனை எடுத்து என்னவோ செய்துகொண்டிருந்தான். அவள் வாங்கிப் பார்த்தபோது டீச்சரம்மாவின் அழைப்பு அதில் இல்லை.

"எதுக்குடா இப்படிப் பண்ண?"

"யாரும் கேக்கலக்கா. கேக்காததை நாமளா எதுக்குச் சொல்லணும்? அவரு எப்படியும் படுத்த படுக்கைதானே. இன்னும் எத்தனை நாளு?"

அவள் அவனையே பார்த்தாள். இந்த வார்த்தையைச் சொன்ன வாய்க்குத்தான் தான் சோறு ஊட்டினோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. அவனும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "பெண் வீட்டுல நிச்சயம் பேச அடுத்த வாரம் வர்றாங்கக்கா" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. பயந்துபோயிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பயத்தைக் கண்டு அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

சில நாட்கள் கழித்து மெக்கானிக், நம்ம மெஷின் ஓடின வீடு, தலை காட்டாமல் இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து, ஊன்றுகோலோடு ஆட்டோவில் ஏறினார். அவளும் கூடப் போக வேண்டியதாயிற்று. மாடிப்படி ஏற அவருக்கு வெகு நேரம் பிடித்தது. ஒவ்வொரு படிக்கும் அவள் தோளை அழுத்திக்கொண்டார். வேண்டாம், திரும்பிவிடலாம் என்ற சொல் ஒவ்வொரு படியிலும் அவள் வாய்வரை வந்தது.

வீடு முழுக்கக் கழுவியும் புகை நாற்றம் போகவில்லை. அந்த அறை பூட்டியிருந்தது. கூடத்தில் டீச்சரம்மாவின் மகனும் மருமகளும் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் காலி செய்து அம்மாவைத் தங்களோடு கூட்டிப் போகப் போவதாக மகன் சொன்னார். தனியாக விடுகிற நிலையில் அம்மா இல்லை, மறதி அதிகமாகிவிட்டது என்று, அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

டீச்சரம்மா ஒல்லியான, நிமிர்ந்து உட்கார்கிற மனுஷி. வந்தவர்களைப் பார்த்ததும் தரையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கொசுவர்த்தியைக் காலையிலேயே அணைச்சுட்டேன். இதோ, இப்படி நுனியைக் கிள்ளி, தட்டுல வச்சுத் தேய்ச்சேன். சாம்பல் விரல்ல ஒட்டுச்சு. புடவையில துடைச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு." கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தரையில் தேய்த்துக் காட்டினார். தேய்த்த விரல்களைப் புடவையில் துடைத்தார். வருகிற எல்லோருக்கும் இப்படிக் காட்டுகிறார் போலிருக்கிறது. மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"ஏசிக் கடைக்கு போன் பண்ணினேன். வாடை வருதுன்னு சொன்னேன். ஒரு பொம்பளதான் எடுத்தாங்க. இன்னைக்கே ஆள் வரும், அதுவரைக்கும் ஓடட்டும்னாங்க. நம்பி உட்கார்ந்திருந்தேன்."

மகன் மெக்கானிக்கைப் பார்த்து, இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது போலக் கையை விரித்தார்.

மெக்கானிக் மரியாதையாகத்தான் சொன்னார். மனப்பூர்வமாக நம்பித்தான் சொன்னார். "இல்லைங்கம்மா. போனை எடுக்கறது என் சம்சாரம்தான். அந்த வாடைன்னு யாராவது சொன்னா உடனே அணைக்கச் சொல்லிடுவா. என்கிட்டயும் சொல்லாம இருக்க மாட்டா. கேளுங்க, இங்கதான் இருக்கா."

எல்லோரும் ஏசி அக்காவைப் பார்த்தார்கள். அவள் தலையை அசைத்தாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாத ஓர் அசைவு. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் டீச்சரம்மாவுக்குக் குரல் தெரிந்துவிடும். மருமகள் காப்பி கொண்டுவந்து, சர்க்கரை போதுமா என்று கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினாள். பாவம், பேச முடியாதவர் என்று அந்தப் பெண் நினைத்திருக்கக் கூடும்.

டீச்சரம்மா தன்னுடைய இரண்டு விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அது வேற நாளா இருக்கும்" என்றார். "அணைச்சது வேற நாளா இருக்கும்."

திரும்பி வந்து மெக்கானிக்கைக் கட்டிலில் படுக்க வைத்து, காலுக்குத் தலையணை கொடுத்தாள். அடுப்பைப் பற்றவைத்து உலையை ஏற்றினாள். அரிசியைக் களைந்துகொண்டே, அவர் பக்கம் திரும்பாமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெரிய பிரேக்கர் மாட்டியது, போன் வந்தது, பில்டர் என்று அவரிடம் பொய் சொன்னது, தம்பி போகாதது, போனில் அழித்தது. சொல்லி முடித்தபோது களைந்த தண்ணீர் தெளிந்து அரிசி அடியில் தெரிந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். ஊன்றுகோலை எடுத்து வீசுவார், இப்போதே ஆட்டோவைக் கூப்பிடு என்பார், அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார் என்று எதிர்பார்த்தாள். அதற்காகத்தான் சொன்னாள் என்றுகூடச் சொல்லலாம். தன்னால் முடியாததை இந்தக் கறார் மனிதர் செய்துவிடுவார் என்று நினைத்தாள்.

அவர் மின்விசிறியைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னைக்கு அந்தம்மாவுக்கு உன் குரல் கேட்டுச்சா?"

"இல்ல."

"சரி. இனிமே அந்தப் பக்கம் போகாதே."

"அவங்களே அவரைக் கொன்னுட்டதா நினைக்கிறாங்க."

"தெரியும். நானும்தான் பாத்தேன்." திரும்பிப் படுக்க முயன்றார், முடியவில்லை. "நான் எழுந்து நடக்க மாசக்கணக்காகும். நடந்தாலும் ஏணி ஏற முடியாது. இந்தப் போர்டுதான் எனக்கு மிச்சம். அதையும் இறக்கணுமா? போன உயிர் வந்துடுமா?"

அவர் சொன்னதில் தப்பு என்ன என்று நினைத்தாள். தம்பியும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னான். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு ஆண்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டார்கள். அன்று ராச்சாப்பாட்டில் மாமா மாப்பிள்ளைக்கு ஊறுகாய் பாட்டிலை நகர்த்திக் கொடுத்தார். அவனும் வாங்கிக்கொண்டான். வீட்டில் சமாதானம் வர வேண்டும் என்று எத்தனையோ நாள் ஏங்கியவள், அந்தச் சமாதானத்தைப் பார்த்துக்கொண்டு சோற்றில் கை வைக்க முடியாமல் எழுந்துவிட்டாள்.

காய்கறி வாங்கி வருகிறேன் என்று மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் டீச்சரம்மா வீட்டுப் படியேறினாள். வாசலில் லாரி நின்றது. ஆட்கள் பீரோவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நாற்காலிகூட இல்லை. டீச்சரம்மா ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா" என்றாள். "நாந்தான் போன் எடுத்தேன்."

டீச்சரம்மா நிமிர்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. காதைத் திருப்பிக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தார்.

"அன்னைக்கு என்ன சொன்னீங்க? அதே மாதிரி சொல்லுங்க."

"இன்னைக்கே ஆள் வந்துடும்மா. கட்டாயம் வரும்." நின்றாள். டீச்சரம்மா காத்திருந்தார். "அதுவரைக்கும் ஓடட்டும்."

டீச்சரம்மா மகனைக் கூப்பிட்டார். வகுப்பில் கூப்பிடுகிற குரல். அவர் வந்ததும், இவனுக்கும் சொல்லுங்க என்றார். அவள் இன்னொரு முறை சொன்னாள். பிரேக்கரைப் பற்றியும் சொன்னாள். பீரோ தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். மகனுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. ஏதோ ஒரு வெட்கம். அம்மா தனக்கும் போன் செய்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்று பிறகுதான் கத்தத் தொடங்கினார். டீச்சரம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"வந்து சொன்னதுக்கு நான் நன்றி சொல்லப் போறதில்ல" என்றார் அவளிடம். "மன்னிக்கவும் மாட்டேன். அவரு மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினதை நான் பாத்தவ. ஆனா நேத்து ராத்திரி, நான் கொசுவர்த்தியை அணைக்கலன்னே முடிவு பண்ணிட்டேன். என் விரலையே நான் நம்பல. அதைத் திருப்பிக் கொடுத்துட்டீங்க. போங்க."

லாரி அன்று கிளம்பத்தான் செய்தது. டீச்சரம்மா மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் போவதற்கு முன் மகனைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். பூட்டிய அறையைத் திறந்து பார்த்தார்கள். உருகிய வயரும் பெரிய பிரேக்கரும் சுவரிலேயே இருந்தன. கட்டடத்திலிருந்து தம்பியை அழைத்துப் போனார்கள். பெண் வீட்டார் வரவில்லை. சேதி தெரிந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக போன் செய்து, கூடப் பிறந்தவளா நீ என்று கேட்டார்கள். போர்டைத் தெருவில் யாரும் இறக்கச் சொல்லவில்லை. கூப்பிடுகிறவர்கள்தான் நின்றுபோனார்கள். மெக்கானிக் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேசவும் இல்லை.

வாக்குமூலம் கொடுக்க அவளை வரச் சொன்னார்கள். ஸ்டேஷனில் ஓர் ஏசி இருந்தது. காற்று மட்டும் வந்தது, குளிர் இல்லை. பில்டரைத் துடைத்து வருஷமாகியிருக்கும் என்று அவள் மனம் தன்பாட்டுக்குச் சொன்னது. அதிகாரி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். என்ன உறவு என்றார். தம்பி என்றாள். சுவரோரம் பெஞ்சில் அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

எழுதி முடித்ததும், போகலாம் என்றார் அதிகாரி. அவள் எழுந்திருக்கவில்லை.

"என் பேரையும் எழுதணும் சார். ஓடட்டும்னு சொன்னது நான்."

"எழுதியிருக்கேனே. நீங்க சாட்சி."

"சாட்சியா இல்ல."

அதிகாரி அலுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார். "போன் எடுத்துப் பேசினதுக்கெல்லாம் கேஸ் கிடையாதும்மா. வீட்டுக்குப் போங்க."

வெளியே ஆட்டோவில் மெக்கானிக் காலை இருக்கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தும் காலை மடக்கவில்லை, மடக்கவும் முடியாது. ஆட்டோக்காரர் தன் இருக்கையில் நகர்ந்து, முன்னாடி உக்காருங்கக்கா என்றார். அவள் கம்பியைப் பிடித்து ஏறப் போனபோது, பின்னாலிருந்து மெக்கானிக் பேசினார்.

"அவன் சாப்பிட்டானான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை நேரத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏறிய காலை இறக்கினாள். எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடையில் ஒரு பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். காவலர் பிரித்துப் பார்த்துவிட்டு அனுமதித்தார்.

தம்பி வேண்டாமென்று சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்துச் சாப்பிட்டான். பசித்திருக்கிறான். கவளம் பெரிதாக உருட்டினான். குழம்பு பாதியிலேயே தீர்ந்துபோய் வெறும் சோற்றைப் பிசைந்தான். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு வாங்கியாரட்டா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. விரலால் சோற்றை ஒதுக்கிக்கொண்டே, "நீ பேசாதக்கா" என்றான்.